மரியாதையா நடந்தா புரமோஷன் வருமா? செய்முறை மட்டும் பேசுவோம்

#1 செம்பவாங்_வாசி (இழை தொடங்கியவர்)

மதிப்பீட்டு மாதம் வந்தால் இங்கே ஒரே புலம்பல்: "வேலை தெரிஞ்சவன் அப்படியே உட்கார்ந்திருக்கான், சிரிச்சுப் பேசறவன் மேலே போறான்." உடனே யாராவது வந்து "எல்லாரிடமும் இனிமையாகப் பழகுங்கள்" என்பார்கள். எப்படி என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நம் சிங்கப்பூர் 1979லேயே லீ குவான் இயூ தலைமையில் மரியாதை இயக்கம் தொடங்கிய ஊர். 1982ல் அதற்கு 'சிங்கா' என்ற சிங்கம் சின்னமாக வந்தது. 2013ல் அந்தச் சிங்கமே "களைச்சுப் போச்சு" என்று ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டது. சுவரொட்டி ஒட்டுவதால் மட்டும் காரியம் ஆகாது என்று சிங்கத்துக்கே தெரிந்திருக்கிறது.

ஆகவே இங்கே செய்முறை மட்டும். எந்தச் சூழல், என்ன வார்த்தை, எத்தனை நாளுக்குள், எங்கே சொதப்பும். பொன்மொழி, வாட்ஸ்அப் பார்வேர்டு, "எங்க பாஸ் இருக்காரே" கதை, கம்பெனி பெயர் எதுவும் வேண்டாம். போட்டால் நீக்கப்படும்.

#2 மனிதவளப்_பூனை

முதலில் அந்தச் "சிரிச்சுப் பேசறவன்" கணக்கைத் தீர்த்துவிடலாம். கொஞ்சம் பெரிய நிறுவனங்களில் பதவி உயர்வை உங்கள் மேலாளர் தனியாக முடிவு செய்வதில்லை. பல துறை மேலாளர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து பெயர்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்துவார்கள். உங்கள் மேலாளர் உங்கள் பெயரைச் சொன்னதும் பக்கத்துத் துறைக்காரர் என்ன சொல்கிறார் என்பதில் பாதி விஷயம் முடிந்துவிடும். "அவரா, சொன்ன நாள்ல வந்துடும்" என்பார். இல்லாவிட்டால் "நல்ல மனுஷன்தான், ஆனா மூணு தடவை கேட்கணும்" என்பார். அந்த "ஆனா"வுக்குப் பிறகு சிரிப்பு எடுபடாது.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் அதிகம் இடறுவது "சரி" என்ற சொல்லில். முகத்துக்கு நேரே முடியாது என்பது மரியாதைக் குறைவு என்று பழகியிருக்கிறோம். அதனால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவோம். நம் தலையாட்டல் "ஆமாம்" என்பதா, "கேட்டுக்கிட்டேன்" என்பதா, "பார்க்கலாம்" என்பதா என்று சீனச் சகாவுக்கோ பிலிப்பினோ சகாவுக்கோ தெரியாது. அவர் ஆமாம் என்று எழுதிக்கொண்டு போவார். வியாழக்கிழமை வேலை வராது. உங்கள் கணக்கில் அது பணிவு, அவர் கணக்கில் பொய்.

வாயால் சொல்லுங்கள், நாளோடு சொல்லுங்கள். "புதன் மாலைக்குள் முதல் பாதி தர்றேன், மீதிக்கு வெள்ளி ஆகும். புதனே முழுசும் வேணும்னா தணிக்கை வேலையைத் தள்ளி வைக்கணும். எது முதல்ல?" இதில் மறுப்பும் இருக்கிறது, யார் முகமும் கோணவில்லை. தாமதம் ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கெடு நாள் சாயங்காலம் சொன்னால் அவரால் எதையும் மாற்றிக்கொள்ள முடியாது.

#3 துவாஸ்_ரிக்கர்

ஆபீஸ்ல இதுக்கு விலை ஒரு அப்ரைசல். சைட்ல விலை வேற. காலைல வேலை தொடங்கறதுக்கு முன்னாடி நடக்கற டூல்பாக்ஸ் மீட்டிங்ல சூப்பர்வைசர் ஒரு ஆளைப் பார்த்து "மூளை இருக்கா"ன்னு கேட்டார்னா, அன்னிக்கு முழுக்க அந்தக் குழுவுல ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். சுமை தூக்கற ஸ்லிங் பட்டை ஓரம் பிரிஞ்சிருக்கு, அதை மாட்டற ஷேக்கிள் வளையத்தோட பின் முழுசா ஏறலை, இதெல்லாம் முதல்ல கண்ணுல படறது கீழ நின்னு கிரேன்ல சுமை மாட்டற ரிக்கருக்கு. திட்டு விழும்னு தெரிஞ்சா அவன் எதுக்குச் சொல்றான்? நியர் மிஸ் ரிப்போர்ட், அதாவது மயிரிழையில தப்பின விபத்து பத்தின தகவல், மாசக்கணக்கா சைபர்னு இருந்தா அந்த சைட் நல்லா இருக்குன்னு நினைக்காதீங்க. ஆளுங்க பயந்து கிடக்காங்கன்னும் இருக்கலாம்.

செய்யற விதம் இது. ஆளோட பேரைத் தெரிஞ்சுக்கிட்டு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. "டேய்" கிடையாது, "ஏ பங்ளா" கிடையாது. வேலையை விளக்கிட்டு "புரிஞ்சுதா"ன்னு கேட்காதீங்க. எந்த மொழிக்காரனும் "ஓகே பாஸ்"னுதான் சொல்வான். "தூக்கும்போது நீ எங்க நிப்ப, போய் நின்னு காமி"ன்னு கேளுங்க. லோடுக்கு அடியில போய் நின்னான்னா புரியலைன்னு அர்த்தம். கிரேன் அசையறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு, அவனுக்கும் அவமானம் இல்ல.

யாராவது வேலையை நிறுத்தினா, அவன் சொன்ன காரணம் தப்பாவே இருந்தாலும், வாயிலிருந்து வர்ற முதல் வார்த்தை "நிறுத்தினது நல்லது". அப்புறம்தான் "வா, என்னன்னு பார்க்கலாம்". தப்பைச் சொல்லணும்னா கண்டெய்னர் ஆபீஸ் பக்கமா தனியா கூட்டிட்டுப் போங்க. உடனடி ஆபத்துன்னா கத்தித்தான் ஆகணும், அதுல மரியாதை பார்க்கக் கூடாது. ஆனா ஆபத்து தாண்டினதும் போய் ஏன் கத்தினேன்னு அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இப்படி நடத்தற சூப்பர்வைசருக்கு குழு நிலைக்கும், வேலை திரும்பச் செய்யற கதை குறையும், அடுத்த ப்ராஜெக்ட்ல மேனேஜர் அவரைத்தான் கேட்பார். புரமோஷன்னு அதைத்தான் சொல்றோம்.

#4 கோப்பி_ஓ_கோசோங்

கேட்க நல்லாருக்கு. கணக்கு வேற சொல்லுது. டிமத்தி ஜட்ஜ், பெத் லிவிங்ஸ்டன், சார்லிஸ் ஹர்ஸ்ட் மூணு பேரும் 2012ல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் பாருங்க. இணக்க குணம் குறைந்த ஆண்கள், இணக்கமான ஆண்களைவிட சுமார் 18 விழுக்காடு அதிகம் சம்பாதிச்சாங்க. பெண்கள்ல அந்த இடைவெளி 5 விழுக்காடு. அமெரிக்கக் கணக்குதான். ஆனா இங்க வங்கி, ஆபீஸ் நிறைஞ்ச ராபிள்ஸ் பிளேஸ்ல நிலவரம் தலைகீழா இருக்கும்னு யாராவது சொல்லுங்க, நான் கோப்பி வாங்கித் தர்றேன்.

#5 மனிதவளப்_பூனை

கோப்பி எனக்கு வேண்டாம், கணக்கு சரிதான். ஆனால் அதில் அளந்தது மரியாதையை அல்ல. ஒருவர் எவ்வளவு விட்டுக்கொடுப்பவர், மோதலை எவ்வளவு தவிர்ப்பவர் என்ற குணத்தை அளந்தார்கள். சம்பளம் பேசும் அறையில் விட்டுக்கொடுத்தால் சம்பளம் குறையத்தான் செய்யும். உளவியலாளர் ஆடம் கிராண்ட் 2013ல் எழுதியதும் இதை ஒட்டியதுதான்: கொடுக்கும் குணமுள்ளவர்கள் பட்டியலின் அடியிலும் இருக்கிறார்கள், உச்சியிலும் இருக்கிறார்கள். அடியில் இருப்பவர் யார் கேட்டாலும் கொடுத்துத் தன் வேலையைக் கோட்டை விடுபவர். உச்சியில் இருப்பவர் எதைக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று வரம்பு வைத்திருப்பவர்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பொருளாதார ஆய்வாளர் டேவிட் டெமிங் 2017ல் காட்டியது: 1980க்கும் 2012க்கும் இடையில் அமெரிக்காவில் ஆட்களோடு அதிகம் பழக வேண்டிய வேலைகளின் பங்கு ஏறக்குறைய 12 விழுக்காட்டுப் புள்ளி கூடியது. அதாவது பழகத் தெரிவதற்கும் சந்தையில் தேவை இருக்கிறது.

சம்பளப் பேச்சில் மரியாதையும் உறுதியும் சேர்ந்து வருவது இப்படி. பேச்சை மதிப்பீடு முடிந்த பிறகு வைக்காதீர்கள். அதற்குள் பட்ஜெட் பூட்டியிருப்பார்கள். இரண்டு மூன்று மாதம் முன்பே நேரம் கேளுங்கள், எதற்கு என்றும் சொல்லிக் கேளுங்கள். திடீரென்று முன்னால் உட்கார்ந்து கேட்டால் எந்த மேலாளரும் தற்காப்புக்குப் போய்விடுவார். உள்ளே போய் மூன்று விஷயம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பிறகு தொகை. பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். இங்கேதான் பாதிப்பேர் சொதப்புகிறார்கள். ஐந்து வினாடி அமைதி தாங்காமல் "கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவாயில்ல" என்று தாங்களே குறைத்துக்கொள்வார்கள். முடியாது என்று பதில் வந்தால், "எது சேர்ந்தா அந்தத் தொகைக்கு வரலாம், எப்ப திரும்பப் பேசலாம்?" என்று கேட்டுத் தேதியை மின்னஞ்சலில் எழுதி நன்றியோடு அனுப்பிவிடுங்கள்.

#6 இரவுப்பணி_தாதி

கோப்பி அண்ணன் ஆய்வு காட்டினார், நானும் ஒன்று தருகிறேன். இஸ்ரேலில் அரியே ரிஸ்கின் குழுவினர் நடத்தி, 2015ல் வெளியானது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவைச் சேர்ந்த 24 குழுக்களுக்கு ஒரு பயிற்சிச் சூழல் கொடுத்தார்கள். சில குழுக்களிடம் "வெளிநாட்டு நிபுணர்" ஒருவர் லேசாக மட்டம் தட்டிப் பேசினார். கெட்ட வார்த்தை எதுவும் இல்லை, அவர்கள் செய்த சிகிச்சையைப் பற்றியும் இல்லை. அந்தக் குழுக்களின் நோய்க்கணிப்பும் சிகிச்சை செய்த விதமும் மற்றவர்களைவிடச் சரிந்தன. காரணம்தான் முக்கியம்: ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனது. துவாஸ் அண்ணன் சொன்ன ஸ்லிங் கதையேதான்.

வார்டில் இதற்குக் கைவசம் இருக்கும் கருவி எஸ்பார் (SBAR), தகவலை நான்கு படியில் சொல்லும் முறை. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. அதிகாலை மூன்று மணிக்கு டாக்டரை எழுப்பினால் "சாரி டாக்டர், தொந்தரவுக்கு மன்னிக்கணும், ஒண்ணுமில்ல, சும்மா கேட்கலாம்னு" என்று இழுக்காதீர்கள். அது மரியாதை மாதிரி தெரியும், உண்மையில் அவர் தூக்கத்தையும் நோயாளியின் நேரத்தையும் சேர்த்துத் தின்னும். "பெட் 12, இரத்த அழுத்தம் 84/50, பத்து நிமிஷமா இறங்குது. நேத்து குடல் அறுவை சிகிச்சை. உள்ளே இரத்தக் கசிவோன்னு சந்தேகப்படறேன். நீங்க வந்து பார்க்கணும்." இருபது வினாடிகூட ஆகாது. அவர் மருந்து, அளவு ஏதாவது சொன்னால் அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். திருப்பிச் சொல்வதை யாரும் அவமரியாதையாக எடுப்பதில்லை. எடுப்பவர் இருந்தால் அவர்தான் பிரச்சினை.

#7 பொங்கோல்_புதுசு

சின்னச் சந்தேகம். இங்கே எல்லாரையும் "சார்" போடணுமா வேண்டாமா? அப்புறம் இந்த ஊர்க்காரங்க மெசேஜ்ல "கேன்" அப்படின்னு ஒத்தை வார்த்தைல பதில் போடறாங்களே, கோவமா?

#8 தேக்கா_டீத்தண்ணி

"கேன்" என்றால் கோபம் இல்லை தம்பி, வேலை ஆகும் என்று அர்த்தம். "கேன் லா" என்றால் இன்னும் தாராளம். "நோட்டட் வித் தேங்க்ஸ்" என்றால் படித்துவிட்டேன், அவ்வளவுதான். செய்கிறேன் என்று அதில் வாக்குறுதி இல்லை. தேவைப்பட்டால் "எப்போது?" என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"சார்" பெரும்பாலான அலுவலகங்களில் வேண்டியதில்லை. மேலாளரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வரிக்கு வரி சார் போட்டால் அவருக்குக் கூச்சமாகிவிடும், உங்களை இளையவர் என்று மனசில் வைத்துவிடுவார். பள்ளிக்கூடம், சீருடைப் பணிகள் வேறு, அங்கே சார், மேடம் உண்டு. துப்புரவு பார்ப்பவர், காவலாளி, பேண்ட்ரி அம்மா, இவர்கள் அங்கிள், ஆன்ட்டி. இவர்களிடம் ஒரு மாதிரியும் மேலாளரிடம் ஒரு மாதிரியும் பேசுகிறவரை அலுவலகமே கவனிக்கும். நேர்காணலுக்கு வந்தவர் வரவேற்பு மேசையில் எப்படிப் பேசினார் என்று கேட்கும் முதலாளிகளும் உண்டு.

இனி பெயர். இதில் தப்பினால் பத்து நன்றி சொன்னாலும் சமன் ஆகாது. சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். டான் வெய் மிங் என்றால் அவர் மிஸ்டர் டான், கூப்பிடுவது வெய் மிங். வெறும் "மிங்" என்று வெட்டாதீர்கள். மலாய்ப் பெயரில் 'பின்', 'பிந்தி' என்பதற்குப் பின்னால் வருவது தகப்பன் பெயர். அஹ்மத் பின் இஸ்மாயிலை மிஸ்டர் இஸ்மாயில் என்றால் அவர் அப்பாவுக்கு மடல் போகிறது. நமக்கும் அதே கதைதான்: அடையாள அட்டையில் எஸ்/ஓ (இன்னாரின் மகன்), டி/ஓ (இன்னாரின் மகள்) என்று இருக்கும், வங்கியிலிருந்து அப்பா பெயரில் "டியர்" போட்டு வரும். நம் பெயருக்கு நடக்கும்போது எரிச்சல் வருகிறதல்லவா, அடுத்தவர் பெயருக்கும் அந்த அக்கறை வேண்டும். தெரியாவிட்டால் முதல் நாளே கேளுங்கள், "எப்படிக் கூப்பிடணும்?" ஆறு மாதம் கழித்துக் கேட்பதுதான் சங்கடம்.

நேரம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை கூட்டம் வைக்காதீர்கள். முஸ்லிம் சகாக்களுக்கு ஜும்ஆ தொழுகை மதியம் ஒரு மணியை ஒட்டி. நோன்பு மாதத்தில் மாலைக் கூட்டத்தை இழுக்காதீர்கள். சாப்பாடு ஆர்டர் செய்தால் ஹலால், சைவம் இரண்டும் கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். "சைவத்துக்கு சாலட் இருக்கு" என்பது பதில் இல்லை.

விடுப்பு பற்றி ஒன்று, இது பலருக்குத் தோன்றுவதில்லை. சீனப் புத்தாண்டுக்குப் பொது விடுமுறை இரண்டு நாள், நம் தீபாவளிக்கு ஒரு நாள். ஷிப்ட் வேலையில் இருப்பவர் ஜனவரி தொடக்கத்திலேயே "புத்தாண்டுக்கு நான் பார்த்துக்கறேன்" என்று தானாகப் போய்ச் சொல்லிவிட்டால், தீபாவளிக்கு முந்தின நாளுக்குச் சண்டை போட வேண்டியதில்லை. சொன்னதை அட்டவணையில் எழுதி வையுங்கள். வாய்ப்பேச்சுக்கு அக்டோபரில் ஞாபகம் இருக்காது.

#9 பூரணி_பொத்தோங்_பாசீர்

அன்பாக இருங்கள் என்று சொல்லும்போது பெண்களுக்கு வரும் பில்லைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறந்தநாள் கேக் வாங்குவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, புதிதாக வந்தவருக்கு ஊர் சுற்றிக் காட்டுவது எல்லாம் அவர்கள் தலையில்தான். லிண்டா பாப்காக் குழுவினர் 2017ல் வெளியிட்ட சோதனையில், யாருக்கும் பலன் தராத வேலைக்கு ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் பெண்கள்தான் அதிகம் முன்வந்தார்கள். பெண்கள் மட்டும் இருந்த குழுவிலும் ஆண்கள் மட்டும் இருந்த குழுவிலும் அந்த வித்தியாசம் இல்லை. அதாவது பெண்கள் செய்துவிடுவார்கள் என்று எல்லாரும், பெண்களும் சேர்த்து, எதிர்பார்க்கிறார்கள்.

முகம் சுளிக்காமல் தப்பிக்க வழி சுழற்சி. "இந்த மாசம் குறிப்பு நான் எழுதறேன், பெயர் வரிசைப்படி அடுத்த மாசம் யாருன்னு அழைப்பிலேயே போட்டுடறேன்." மறுக்கவில்லை, ஆனால் அது உங்கள் வேலையாக ஒட்டிக்கொள்ளவும் இல்லை. மேலாளராக இருப்பவர்கள் "யாராவது செய்றீங்களா?" என்று பொதுவாகக் கேட்பதை நிறுத்துங்கள். பெயர் சொல்லி முறை வைத்துக் கொடுங்கள்.

பாராட்டும் அப்படித்தான். "சூப்பர் டீம்!" என்று குழுவில் கட்டைவிரல் போடுவதால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. யார், எதை, எப்போது செய்தார், அதனால் என்ன தப்பியது என்று நான்கு வரி எழுதி அவருடைய மேலாளருக்கு அனுப்புங்கள், நகல் அவருக்கு. மதிப்பீட்டு மாதத்தில் அந்த மடலை அப்படியே எடுத்து ஒட்டுவார்கள்.

#10 *(நீக்கப்பட்டது. கம்பெனி பெயர். – செம்பவாங்_வாசி)*

#11 கோப்பி_ஓ_கோசோங்

நீக்கினது என் பதிவு, ஒத்துக்கறேன். பேர் இல்லாம கேட்கறேன். மேல இருக்கறவர் தினமும் எல்லார் முன்னாடியும் திட்டறார்னா? அதுக்கும் இன்சொல்லா?

#12 மனிதவளப்_பூனை

இல்லை. அதற்கு நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, யார் கூட இருந்தார்கள். உங்கள் உணர்ச்சி வேண்டாம், நடந்தது மட்டும். சொந்தக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகக் கணினியில் வேண்டாம். முதலில் நிறுவனத்தின் மனக்குறை நடைமுறை, அது நகராவிட்டால் நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் முத்தரப்பு அமைப்பான டாஃபெப்பிடம் (TAFEP) போகலாம். மிரட்டல், பின்தொடர்தல் என்று போனால் 2014ஆம் ஆண்டின் தொல்லைகளிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வேலையிடத்துக்கும் பொருந்தும். புகார் மடலையும் மரியாதையாகவே எழுதுங்கள். அவருக்காக இல்லை, படிக்கும் மூன்றாம் ஆள் உங்களை நம்புவதற்காக.

வேலையை விடுவது என்று முடிவானாலும் கதவை அறையாதீர்கள். இந்த ஊர் சின்னது. ஒப்பந்தத்தில் அறிவிப்புக் காலம் எழுதப்படாமல் இருந்தால் வேலைச் சட்டப்படி 26 வாரத்துக்குக் குறைவான பணிக்கு 1 நாள், 2 ஆண்டு வரை 1 வாரம், 5 ஆண்டு வரை 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம். வெளிநாட்டுப் பணியாளர் என்றால் நிறுவனம் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே வரித் துறைக்கு ஐஆர்21 என்ற, வரிக்கணக்கை முடிக்கும் படிவம் கொடுக்க வேண்டும் (சிலருக்கு விலக்கு உண்டு). நீங்கள் விலகுவது தெரிந்த நாளிலிருந்து உங்களுக்குத் தர வேண்டிய பணத்தையும் நிறுத்தி வைப்பார்கள். முன்கூட்டியே சொன்னால் மனிதவளப் பிரிவுக்கும் நல்லது, உங்கள் பணமும் சீக்கிரம் கைக்கு வரும்.

ஒப்படைப்புக் குறிப்பு இரண்டு பக்கம் போதும்: பாதியில் நிற்கும் வேலைகள், ஒவ்வொன்றுக்கும் அடுத்த படியும் தேதியும், கோப்பு எங்கே இருக்கிறது, எந்த வாடிக்கையாளருக்கு என்ன பிடிக்காது. கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர் உங்களை நினைத்து நன்றி சொல்வது அந்த வரிக்குத்தான்.

#13 செம்பவாங்_வாசி

பயிற்சிக்கு ஒன்று. சப்ளையர் பில் கணக்குப் பிரிவில் மூன்று வாரமாக நிற்கிறது. வழக்கமாக இப்படி ஒரு மடல் போகும்:

"டியர் சார், ஆஸ் பெர் மை லாஸ்ட் இமெயில், கைண்ட்லி டூ த நீட்ஃபுல் அட் த எர்லியஸ்ட். ஜென்டில் ரிமைண்டர்." நகல்: இரண்டு மேலாளர்கள்.

பிரித்துக் காட்டுங்கள்.

#14 பூரணி_பொத்தோங்_பாசீர்

"ஆஸ் பெர் மை லாஸ்ட் இமெயில்" என்றால் "ஏற்கெனவே சொன்னேனே, படிக்கலையா" என்றுதான் காதில் விழும். "நீட்ஃபுல்" நம் ஊரிலிருந்து வந்த சரக்கு, இங்கே பலருக்கு அது என்ன செய்யச் சொல்கிறது என்றே புரியாது. கைண்ட்லி, ஜென்டில் இரண்டு தடவை தேன் தடவியிருக்கிறார், பில் எண், தொகை, தேதி எதுவும் இல்லை. அவர் பழைய மடலைத் தேட வேண்டும். தேடும் வேலையை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு "ஜென்டில்" என்று எழுதினால் என்ன பிரயோசனம்? மேலாளர் நகல் முதல் மடலிலேயே போனால் அது புகார். இரண்டு முறை கேட்டு, ஒரு முறை போனில் பேசி, அதற்கும் பதில் இல்லை என்றால்தான் நகல். அதையும் அவரிடம் சொல்லிவிட்டுப் போடணும்.

#15 செம்பவாங்_வாசி

அப்படியென்றால் இது எப்படி?

"வணக்கம் ஃபைசால். 4ஆம் தேதி பில், 3,860 வெள்ளி, மறுபடி இணைத்திருக்கிறேன். பர்ச்சேஸ் ஆர்டரும் டெலிவரி ஆர்டரும் அதே பிடிஎஃப்பில் இருக்கு. 27ஆம் தேதிக்குள் பணம் போனால் சப்ளையர் அடுத்த லோடை நிறுத்த மாட்டார். என் பக்கம் ஏதாவது குறையுதா? சொன்னால் இன்று 3 மணிக்குள் சரி செய்து தருகிறேன்."

#16 தேக்கா_டீத்தண்ணி

நல்லா இருக்கு. இப்ப அனுப்பிடாதீங்க. இன்னிக்கு வெள்ளி, மணி 12.50, ஃபைசால் பள்ளிவாசலுக்குக் கிளம்பியிருப்பார். ரெண்டரைக்கு அனுப்புங்க, அந்த 3 மணியை 5 மணின்னு மாத்திடுங்க.